பொட்டு வைத்த சார்ஜர்

போன ஆயுத பூஜைக்கு நீங்கள் அழைத்ததால் வந்தேன். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறி, நடுவில் மாறி, நம் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவின் படகுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது பூஜை பாதி முடிந்திருந்தது. தராசு, நுண்ணோக்கி, கணினி, துடுப்பு என்று எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தீர்கள். எல்லாம் ஓய்வில் இருந்தன. பேட்டரி சார்ஜர் மட்டும் நெற்றியில் பொட்டோடு, சுவர் பிளக்கில் சொருகியபடி, விளக்கு எரிய வேலை செய்துகொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"எல்லாத்துக்கும் இன்னிக்கு லீவு. இதுக்கு மட்டும் ஏன் டியூட்டி?"

"இங்க எப்பவும் அப்படித்தான். ஏதோ சாஸ்திரம்."

சாஸ்திரம் இல்லை. அது எப்படி வந்தது என்று சொல்லக்கூடியவர்களில் தில்லியில் இப்போது மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

பேட்டரியை எப்படிப் பராமரிப்பது என்று இதில் தேடாதீர்கள். அந்த விதிமுறைகளை எழுதியவனே நான்தான். யாரும் படிக்காததால் இதுவரை யாரும் அதில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. எப்போது சார்ஜில் போடுவது, எப்போது தண்ணீர் ஊற்றுவது, முனைகளை எதைக்கொண்டு துடைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. விதிமுறைப்படி எதுவுமே நடக்காத நாளில் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. அப்படியொரு நாள் வரும் என்று ஒப்புக்கொள்ள மேலிடத்துக்கு மனம் வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடங்கள் கழித்து நடந்தது இது. யமுனைத் தண்ணீரைப் பரிசோதிக்கும் நம் பிரிவில் அன்று ஒரே ஒரு படகுதான். தட்டையான அடிப்பாகம் கொண்ட ஃபைபர் படகு. பின்னால் சின்னதாக ஒரு மின்மோட்டார். அதை ஓட்ட ஒரு பேட்டரி, மாற்றுக்கு ஒரு பேட்டரி. பெட்ரோல் எஞ்சின் போகும் வழியெல்லாம் எண்ணெய் படியவைத்துவிட்டுப் போகும். அந்தத் தண்ணீரை அள்ளி வந்து அதில் எண்ணெய் இருக்கிறதா என்று சோதிப்பது, பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் நாமே சர்க்கரை போட்டுவிட்டு நமக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்வதைப் போன்றது. அதனால்தான் மின்மோட்டார்.

படகோட்டி ஹர்பாலுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. முன்பு வெள்ள நிவாரணத்தில் பெரிய எஞ்சின் படகு ஓட்டியவன். "யே மோட்டர் நஹீன் ஹை சாப், மிக்ஸி ஹை" என்பான். சட்னி அரைக்கலாம், ஆற்றில் போக முடியாது என்பது அவன் கட்சி.

பிரிவின் தலைவர் தஞ்சாவூர்க்காரர். லக்ஷ்மிபாய் நகரில் குடியிருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார் என்பதால் தலைவர் என்றே சொல்கிறேன். வேலையில் கறார், பூஜையில் அதைவிடக் கறார். அப்புறம் கோமதி. கிட்வாய் நகரில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. கோபம் வந்தால் இந்திக்குப் போய்விடுவாள்.

கோமதி தற்காலிக வேலையில் இருந்தாள். நவராத்திரி முடிந்து துர்க்கை சிலைகளை யமுனையில் கரைக்கும்போது, சிலைகளில் பூசியிருக்கும் வண்ணம் தண்ணீரை என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆய்வு. கரைப்பதற்கு முன்பு ஒரு முறை, கரைக்கும்போது ஒரு முறை, பிறகு ஒரு முறை என்று மாதிரி எடுக்க வேண்டும். இரண்டு வருடம் எடுத்தாகிவிட்டது. மூன்றாவது வருடத்தோடு ஆய்வும் முடியும், அவள் வேலையும் முடியும். அது முழுமையாக முடிந்தால் அடுத்த திட்டத்தில் அவளை எடுப்பார்கள். ஒரு மாதிரி விட்டுப்போனாலும் மூன்று வருடமும் வெறும் தண்ணீர்தான். விஜயதசமி மத்தியானத்தை அக்டோபரில் இன்னொரு நாள் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

நவமி அன்று காலையில், கரைப்பதற்கு முன்பு எடுக்க வேண்டிய மாதிரிகளை எடுத்து வந்தோம். இரண்டு பேட்டரியும் பாதிக்குமேல் இறங்கியிருந்தன. ஹர்பால் அவற்றைக் கொட்டகையில் வைத்து, சார்ஜரைப் போட்டுவிட்டு, முறைப்படி வீட்டுக்குப் போனான். நானும் கோமதியும் பாட்டில்களோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டோம். சாயங்காலம் கொட்டகையில் பூஜை நடந்தது. எனக்கும் ஒரு தொன்னை சுண்டல் வந்தது. சுண்டலில் குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் விடுமுறை. காலையில் வந்து கொட்டகையைத் திறந்தோம். தில்லிக்கு அந்த மாதத்தில் ஒரு வாசனை உண்டு. சாலையோர ஏழிலைப் பாலை மரங்கள் பூத்து, பஸ் புகையையும் மீறி மூக்கில் ஏறும். அதோடு ஊதுபத்தி வாசனையும் சேர்ந்திருந்தது. மணைப் பலகையில் கோலம் போட்டு, இரண்டு பேட்டரிகளையும் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, நடுவில் சார்ஜரை உட்கார்த்தி, அதன் வயரை அழகாகச் சுருட்டி அதன் தலைமேலேயே வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தது. ஹர்பால் வாயைத் திறந்தபடி நின்றான்.

தலைவர் அப்போதுதான் தேங்காயோடு உள்ளே வந்தார்.

"சார், பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பின்னே? நேத்து ஹர்பால் போன கையோட பிடுங்கித் துடைச்சு வெச்சுட்டேன். வருஷம் பூரா உழைக்கறது. ஒரு நாள் ஓய்வு குடுக்க வேண்டாமா? புனர்பூஜை பண்ணிட்டுத் தரேன், அதுவரைக்கும் தொடாதேள்."

பேட்டரிக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. இறங்கிய பேட்டரியைச் சும்மா வைத்தால் அது ஓய்வெடுக்காது. உள்ளுக்குள் மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும். இதை நான் சொல்லி முடித்தபோது தலைவரின் கையிலிருந்த தேங்காய் கீழே இறங்கிவிட்டது. அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் புனர்பூஜை அன்றுதான் நடந்திருக்கும். கற்பூரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், மாலையை எடுத்தார், பிளக்கைத் தாமே சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மத்தியானத்துக்குள் ஓரளவாவது ஏறும் என்று நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்துத் தில்லியில் அது செய்தியே இல்லை. எப்போது வரும் என்று கேட்டால்தான் சிரிப்பார்கள்.

ஹர்பால் உற்சாகமானான். அவனிடம் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. முதல் யோசனை, ஆபீஸ் காரின் பேட்டரியைக் கழற்றுவது. கார் பேட்டரி ஒரே உதையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓய்ந்துபோகிற வகை. மணிக்கணக்கில் இழுக்கச் சொன்னால் நடு ஆற்றில் படுத்துவிடும். வேண்டாம் என்றேன். இரண்டாவது யோசனை, கார் பேட்டரியையும் நம்முடைய இரண்டையும் வயர் போட்டு ஒன்றாக இணைப்பது.

"தீன் மில்கே ஏக் ஹோ ஜாயேகா, சாப்!"

"மூணும் ஒண்ணாகாது ஹர்பால். நிறைஞ்சது காலியானதுல கொட்டிட்டு, மூணும் பாதியா நிக்கும்."

"ஆப்கோ குச் பசந்த் நஹீன் ஆத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு எதுவுமே பிடிக்காதாம். உண்மைதான்.

நெருக்கடியில் முதலில் வருகிற யோசனைகள் பெரும்பாலும் கையை ஆட்டிக்கொண்டிருப்பதற்காக வருபவை. மறுப்பது சுலபம். மறுத்த பிறகு வருகிற அமைதிதான் கஷ்டம். அந்த அமைதியில் கோமதி ஒரு மூலையில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவிய பாட்டில்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். யாரையும் அவள் குறை சொல்லவில்லை. இந்தியில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏன்யா, எங்காத்து இன்வர்ட்டர் பேட்டரி இதுக்கு ஓடுமோ?"

வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி மெல்லமெல்ல, நீண்ட நேரம் கொடுக்கிற வகை. படகுக்கு வேண்டியதும் அதுதான். தில்லியில் பாதி வீடுகளில் கட்டிலுக்கடியில் அது இருந்தது. நாங்கள் யாரும் அதை நினைக்கவில்லை.

"ஓடும் சார். ஆனா ஃபுல்லா இருக்கணும்."

"எங்க பேட்டையிலே ரெண்டு நாளா கரண்ட்டே போகலே. அமாவாசைக்கு அமாவாசை டிஸ்டில்டு வாட்டர் விடறேன். அது எப்படிய்யா இல்லாம இருக்கும்?"

"வீட்ல அதுக்கும் பூஜை உண்டா?"

"பொட்டு வெச்சேன். கட்டிலுக்கடியிலே குனிஞ்சு பிளக்கைப் பிடுங்க முடியலே, முதுகுவலி."

ஒரு முதுகுவலிக்கு நான் மனமார நன்றி சொன்னது அந்த ஒரு முறைதான்.

இரண்டு ஆட்டோ பிடித்து லக்ஷ்மிபாய் நகர் போனோம். தலைவர் வீட்டுக் கூடத்தில் ஏழு படிக் கொலு, சின்னச் சின்ன மின்விளக்குச் சரம். சாயங்காலம் தாம்பூலத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வருவதாக இருந்தது. நான் அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து, பேட்டரிக்குள் இருக்கும் அறைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சார்ஜில் இருந்து அப்போதுதான் எடுத்த பேட்டரியை மீட்டரில் பார்த்தால் எல்லாப் பேட்டரியும் நிறைந்ததுபோல்தான் பொய் சொல்லும். அமிலம் பொய் சொல்லாது. ஆறு அறையும் நன்றாக இருந்தது. மாமி கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு ஆபீஸ் சாமானை ஆத்துக்குக் கொண்டுவந்தா கேள்விப்பட்டிருக்கேன். ஆத்துச் சாமானைத் தூக்கிண்டு போறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

"சாயங்காலத்துக்குள்ளே வந்துடும்டி."

"கரண்ட் போனா?"

"போகாது."

"நீங்க சொன்னேள்னா போயிடும். அதான் எனக்குத் தெரியுமே."

கோமதி குறுக்கிட்டாள். "மாமி, சாரி மாமி. மத்லப்… என்னாலதான்."

மாமி அவளை ஒரு கணம் பார்த்தார். "உன்னாலே ஒண்ணும் இல்லே. நீ சாப்பிட்டியோ?" என்று உள்ளே போய் அவளுக்கும் எனக்கும் சேர்த்துத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பிரிவில் உருப்படியான முடிவை உடனே எடுத்தது அன்று அவர் ஒருவர்தான்.

ஆட்டோக்காரர் தேஜாப், தேஜாப் என்று பயந்தார். ஆசிட் என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை. பேட்டரி சாயாமல் இருக்க, தலைவர் பழைய வேட்டி ஒன்றால் அதைத் தொட்டில்போல் கட்டி, வழியெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார்.

ஆற்றங்கரையில் அடுத்த சிக்கல் காத்திருந்தது. இன்வர்ட்டர் பேட்டரி ஒரு ஆளின் கனம். பாதி இறங்கிய பேட்டரி ஒன்றையும் மாற்றுக்காகக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் படகில் ஒருவர் குறைய வேண்டும். விதிமுறைப்படி படகோட்டி கட்டாயம். அதை எழுதியவனும் நான்தான். ஆனால் ஹர்பாலின் கைக்குப் பெட்ரோல் பழக்கம். பிடியை முழுவதும் முறுக்கினால்தான் அவனுக்குப் படகு ஓடுவதாகத் தோன்றும். இந்த மோட்டாரில் முழு வேகத்துக்கும் முக்கால் வேகத்துக்கும் படகு போவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. பேட்டரி தீர்வதில் இருக்கும்.

"ஹர்பால், நீ கயிறை எடுத்துக்கிட்டுக் கீழே பழைய பாலத்துக்கு முன்னாடி போய் நில்லு. நாங்க அங்கதான் வருவோம். நீ பிடிக்கலேன்னா எங்களைப் பிடிக்க வேற ஆள் இல்ல."

அவமானப்பட்டவன், கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நிமிர்ந்தான். கயிறைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

நானும் கோமதியும் கிளம்பினோம். மாதிரி எடுக்கும் இடங்கள் மூன்று: சிலைகளைக் கரைக்கும் படித்துறைக்கு மேலே ஒன்று, படித்துறைக்கு எதிரே ஒன்று, கீழே பாலத்துக்கு முன்னால் ஒன்று. படகைப் போட்ட இடம் படித்துறைக்குச் சற்றுக் கீழே.

"சார், மேனுவல்ல கீழேர்ந்து மேலேதானே போகணும்? சேறு கலங்கும்னு."

"அது ஆத்துல இறங்கி நடக்கறவங்களுக்கு எழுதினது. நாம மிதக்கறோம், நாம எதையும் கலக்கப் போறதில்ல. பேட்டரி தெம்பா இருக்கும்போது தண்ணிக்கு எதிரா போயிடுவோம். களைச்ச பிறகு ஆறே நம்மைக் கொண்டுவந்து விடும்."

"பக்கா?"

"பக்கான்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச காரணத்தைச் சொல்றேன். தப்புன்னா இப்பவே சொல்லு."

அவள் யோசித்தாள். அவளுடைய ஆய்வு, அவளுடைய வேலை. யோசிக்க உரிமை உண்டு. "அச்சா, சலோ" என்றாள்.

மேல் இடத்தில் தண்ணீர் அமைதியாக இருந்தது. பாட்டில்கள் நிறைந்தன. படகைத் திருப்பிப் படித்துறைக்கு எதிரே வந்தபோது கரை முழுக்க ஜனம். மேளம் காதை அடைத்தது. இரண்டு நாட்டுப் படகுகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் சிலையை வைத்து, ஆற்றின் மையத்துக்கு வந்து, படகுகளைப் பிரித்து நடுவில் சிலையை இறக்குகிறார்கள். துர்க்கையின் முகம் மேலே பார்த்தபடி தண்ணீரில் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த தகர வாள் ஒன்று கழன்று எங்கள் படகில் உரசிக்கொண்டு போயிற்று. ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆயுதங்களின் கதி அதுதான்.

கோமதி குனிந்து முதல் பாட்டிலை முக்கினாள். அப்போது மோட்டார் ஒரு மாதிரி முனகி, திணறி, நின்றது. நல்ல சிவப்பில் ஜரிகை வைத்த துணி ஒன்று மோட்டாரின் விசிறி இலைகளில் சுற்றிக்கொண்டுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மேல்பக்கமிருந்து இன்னொரு ஜோடிப் படகு, சிலையோடும் ஆட்டத்தோடும், நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மின்மோட்டார் சத்தமே போடாது என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். சத்தம் போடாத படகை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று எழுதவில்லை.

இரண்டு வழி இருந்தது. பிடியை முறுக்கி, துணியைக் கிழித்துக்கொண்டு நகரப் பார்க்கலாம். கிழிந்தால் தப்பிப்போம், கிழியாவிட்டால் இருக்கிற தெம்பெல்லாம் அந்தத் துணியோடு போகும். இல்லையென்றால் கையால் எடுக்கலாம். கோமதி அதற்குள் பாட்டிலை மூடி வைத்துவிட்டு மோட்டாரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கையை எடு! முதல்ல வயர்!"

"சார், படகு வருது சார், ஜல்தி!"

"வயரைக் கழட்டாம கை வைக்காதே!"

பேட்டரி முனையிலிருந்து வயரைக் கழற்ற ஆகிற நேரம் மிகச் சின்னது. வேறெப்போதும் அது நமக்குத் தெரியாது. படகு வருகிறபோது யுகமாகத் தெரியும். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாதவர்கள் விரல்களைக் கொடுக்கிறார்கள். கழற்றினேன். மோட்டாரைத் தூக்கி நிறுத்தினேன். துணியை எடுக்கச் சொல்லவில்லை. துடுப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"அவங்க படகைத் தள்ளு. நம்ம படகு தானா விலகும்."

தள்ளினாள். அவர்கள் படகின் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் எங்களை அப்போதுதான் பார்த்து, குனிந்து தாமும் எங்கள் படகைத் தள்ளிவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஒரு முழ இடைவெளியில் துர்க்கை எங்களைத் தாண்டிப் போனாள்.

படகு ஆற்றோடு நகர ஆரம்பித்தது. கோமதி அப்போதும் பாட்டில்களை விடவில்லை. இன்னும் படித்துறைக்கு எதிரேதான் இருந்தோம். மண்டியிட்டு மீதிப் பாட்டில்களையும் முக்கி எடுத்தாள்.

"சார், மூணாவது பாயிண்ட்?"

"அங்கதான் போயிட்டிருக்கோம். சும்மா உட்காரு."

மோட்டார் போடாமலே மிதந்தோம். துணியை நிதானமாக அவிழ்த்தோம். தயிர்சாதத்தையும் அவிழ்த்தோம். பழைய பாலம் வெயிலில் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. இவ்வளவு வருடங்களில் நான் சாப்பிட்ட மத்தியானச் சாப்பாடுகளில் எனக்கு ருசி நினைவிருப்பது அது ஒன்றுதான். மூன்றாவது இடத்தில் அவள் கடைசிப் பாட்டிலை மூடியபோது வயரை மாட்டினேன். பாதிப் பேட்டரி தேவைப்படவே இல்லை. தலைவர் வீட்டுப் பேட்டரி எங்களைக் கரைப்பக்கம் நிதானமாகத் திருப்பியது. முட்டளவுத் தண்ணீரில் நின்றிருந்த ஹர்பால் கயிறை வீசி, எங்களை இழுத்து, முதல் வேலையாக மோட்டாரைத் தட்டிக் கொடுத்தான்.

"மிக்ஸி நே காம் கர் தியா" என்றான். மிக்ஸி வேலையை முடித்துவிட்டதாம்.

நாங்கள் லக்ஷ்மிபாய் நகர் திரும்பியபோது தெருவே இருட்டு. மாமி சொன்னது நடந்துவிட்டிருந்தது. உள்ளே கொலுப் படிகளில் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்து, அந்த வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். மின்விளக்குச் சரத்தைவிட அது நன்றாக இருந்தது என்று தலைவரிடம் மெதுவாகச் சொன்னேன். "அவகிட்டே சொல்லிடாதே, அடுத்த வருஷமும் எடுத்துண்டு போகச் சொல்லிடுவா" என்றார். மாமி கோமதியைக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்காரவைத்து, மஞ்சள் குங்குமம் கொடுத்தார். அவள் சல்வார் முழுக்க யமுனைச் சேறு.

அடுத்த திட்டத்தில் கோமதியை எடுத்தார்கள். இப்போது வேறு ஊரில், வேறு ஆற்றில் இருக்கிறாள்.

மறு வருட ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் தலைவரே துடைத்துப் பொட்டு வைத்தார். சார்ஜரை மட்டும் பலகையில் வைக்கவில்லை. பேட்டரிகளோடு இணைத்து, சுவரோரம் ஓடவிட்டு, அப்படியே குனிந்து சந்தனம் வைத்தார், முதுகுவலியோடு. குத்துவிளக்கு ஒரு பக்கம், சிவப்பு விளக்கு ஒரு பக்கம். புதிதாக வந்திருந்த ஒரு கிளார்க், பூஜை சாமான் என்று நினைத்து, துடைப்பதற்காகப் பிளக்கில் கை வைத்தார். தலைவர் கையிலிருந்த மணியை நிறுத்திவிட்டுக் கத்தினார்:

"தொடாதே! அது பூஜை பண்ணிண்டிருக்கு."